டைட்டனில் நிழல் விழுவதில்லை

வெளிவேலை முடித்துத் திரும்பியவர்கள் காற்றறையில் வரிசையாக நின்றார்கள். வெளிக்கதவு மூடியாகிவிட்டது. உள்கதவு இன்னும் திறக்கவில்லை. வரிசையின் முதலில் நின்ற கரிவரதனைப் பார்த்து, கதவுக்கு மேலிருந்த வாசற்பொறி இனிமையான குரலில் கேட்டது:

"ஸ்ட்ரீட்டுக்கும் ரோட்டுக்கும் என்ன வேறுபாடு?"

கரிவரதனுக்கு வியர்த்தது. விண்ணுடைக்குள் வியர்த்தால் துடைக்கவும் வழியில்லை. பிறந்ததிலிருந்து அவன் ஒரு ஸ்ட்ரீட்டையோ ஒரு ரோட்டையோ கண்ணால் கண்டதில்லை. சனிக்கோளின் நிலவான டைட்டனில், புதுக்காங்கேயம் என்ற அந்தக் குடியேற்றத்தில் இருந்ததெல்லாம் ஒரு பெரிய குவிமாடமும் அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் குழாய்வழிகளும்தான். ஆனாலும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தான். இருபுறமும் வீடுகள் இருந்தால் ஒன்று, ஊரையும் ஊரையும் இணைத்தால் மற்றொன்று. எது எது என்பதுதான் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

"மாப்ளே, சீக்கிரஞ் சொல்லுங். எனக்கு அவசரமா ஒதுங்கோணும்" என்றார் பின்னால் நின்றவர்.

கரிவரதன் மாற்றிச் சொல்லிவிட்டான். வாசற்பொறி வருந்துவதாகச் சொன்னது. தப்பாகச் சொன்னவர் வரிசையின் கடைசிக்குப் போய் அடுத்த கேள்விக்குக் காத்திருக்க வேண்டும். காற்றறையில் மூச்சுக்குக் குறைவில்லை, மானத்துக்குத்தான் குறைவு. கரிவரதன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனான். அன்றைக்கு அவன் பின்னால் போனது அது முதல் தடவையல்ல.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. டைட்டனின் வெளியில் வேலை செய்கிறவனுக்கு உயிர்வளி குறைந்தால் முதலில் மூளைதான் மந்தமாகும். மந்தமான மூளையோடு உள்ளே வந்து எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவான் என்று யார் கண்டது? ஆகவே உள்ளே விடுமுன் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். குடியேற்றத்தை நிறுவியவர்கள் இதைப் பற்றி நெடுநேரம் விவாதித்தார்கள். ஒருவர் வாய்ப்பாடு கேட்கலாம் என்றார். ஒருவர் அவரவர் பெண்டாட்டி பெயரைக் கேட்டால் போதும் என்றார். அந்தச் சபையில் பூமியில் பயிற்சி வகுப்புகள் நடத்திப் பழகிய ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவர் எழுந்து, அறிவுக்கு அடையாளம் ஆங்கிலம், ஆங்கிலத்துக்கு அடையாளம் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ள வேறுபாட்டைச் சொல்வது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டாவிட்டால் தனக்கு அது தெரியாதென்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்களே என்ற பயம்.

அதெல்லாம் நடந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதற்கிடையில் ஆங்கிலம் என்ற மொழி போய்விட்டது. பிறந்த குழந்தைக்கெல்லாம் காதில் செவிச்சில்லு பதித்துவிடுவதால், எவர் எந்த மொழியில் பேசினாலும் ஒரு சிறு 'கிணிங்' ஒலியோடு அவரவர் மொழியில் கேட்டுவிடும். அவரவர் அவரவர் மொழிக்குத் திரும்பிவிட்டார்கள். ஆங்கிலேயரின் வாரிசுகளே பூமியில் வேறு ஏதோ கலவைக்கு மாறிவிட்டதால், பேச ஆளில்லாத மொழிக்கு எதற்கு இடம் என்று செவிச்சில்லு செய்கிறவர்கள் அதை நீக்கியும் விட்டார்கள். மொழிதான் போனதே தவிர, தேர்வு போகவில்லை. புதுக்காங்கேயத்தார் சொல்வேற்றுமைக் கோவை என்ற தடித்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு, கேள்வியையும் பதிலையும் ஓசை மாறாமல் உருப்போட்டார்கள். அர்த்தம் ஓரத்தில் தமிழில் போட்டிருக்கும். அதை ஆர்வமுள்ளவர்கள் படித்துக்கொள்ளலாம். இந்தக் கதையிலும் ஆங்கிலக் கேள்வி பதில்களை உங்கள் வசதிக்காகத் தமிழிலேயே தருகிறேன்.

வாசலுக்குப் பொறுப்பான அலுவலர் சென்னியப்பன். கோவை முழுவதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காதவர் என்று பெயரெடுத்தவர். அவருடைய ஒரே மகள் மயிலாத்தாளைத்தான் கரிவரதன் கட்டியிருந்தான். கல்யாணத்தன்று காலையில் வெளியே ஏதோ அவசரப் பழுது என்று போன மாப்பிள்ளை, திரும்பி வரும்போது காற்றறையில் மாட்டிக்கொண்டான். வாசற்பொறி அன்றைக்கென்று பார்த்து வெட்டிங்குக்கும் மேரேஜுக்கும் வேறுபாடு கேட்டது. உள்ளே மேளம் அடிக்கிறது, வெளியே மாப்பிள்ளை முழிக்கிறான். உறவெல்லாம் சென்னியப்பனின் காலில் விழாத குறை. "சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்" என்று சொல்லிவிட்டார் மனிதர். முகூர்த்தம் தவறி, அடுத்த முகூர்த்தத்தில்தான் தாலி ஏறியது. அதில் அவருக்கு இன்றுவரை பெருமை உண்டு. மயிலாத்தாளுக்கு இன்றுவரை கோபம் உண்டு.

இப்போது மயிலாத்தாள் நிறைமாதம். அதே சமயம் குவிமாடம் குளிர்ந்துகொண்டு வந்தது. புதுக்காங்கேயத்துக்கு ஒளியும் சூடும் தருவது ஒரே ஒரு வெப்பவுலை. அதன் சூடு தாங்காமல் வெடித்துவிடாதிருக்க, ஒரு நீண்ட குழாய் பனித்தரையைத் துளைத்துக்கொண்டு அடியிலுள்ள கடலுக்குள் இறங்கி, தண்ணீரை இழுத்து உலையைச் சுற்றவிட்டு மறுபடி கீழே கொட்டும். சில மாதங்களாகத் தண்ணீர் சரியாக ஏறவில்லை. தண்ணீர் குறையக் குறைய, உலை தன் பாதுகாப்புக்காகத் தானே தன்னைத் தணித்துக்கொண்டது. கீழே என்ன கோளாறு என்று இறங்கிப் பார்க்க மனிதரால் ஆகாது. பூமியிலிருந்து உதவிக்கப்பல் வருவதற்குள் புதுக்காங்கேயம் பனிக்கட்டியாகிவிடும். பிரசவ அறையில் மூச்சுவிட்டால் ஆவி தெரிந்தது. பிறக்கிற குழந்தை இந்தக் குளிரில் தாங்காது என்று மருத்துவப்பொறி சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஒருநாள், வெளிக்கதவை யாரோ தட்டினார்கள்.

வெளியே யாரும் போயிருக்கவில்லை. சென்னியப்பன் திரையில் பார்த்தார். மடித்து வைத்த மெத்தை போல ஒன்று, அடியில் பல கால்களோடு நின்றுகொண்டிருந்தது. மேலெல்லாம் பனி உறைந்து பளபளத்தது. கண் என்று சொல்லத்தக்க எதுவும் காணவில்லை. அவர் ஒலிபெருக்கியைத் திறந்தார். மனிதகுலம் காலங்காலமாகக் காத்திருந்த அந்தச் சந்திப்பின் முதல் வாசகம் இவ்வாறு இருந்தது:

"சோறு தின்னாச்சுங்களா?"

சென்னியப்பன் காதைத் தட்டிப் பார்த்தார். செவிச்சில்லு 'கிணிங்' என்று அடிக்கவில்லை. அந்த மெத்தை தன் சொந்த வாயால், அல்லது வாய் மாதிரியான எதனாலோ, அச்சு அசல் தமிழில் கேட்டிருந்தது.

"ஆ... ஆருங்க அது?"

"கீழ்வீட்டுக்காரங்கதானுங். பனிக்கு அடியில கடல்ல இருக்கறமுங். பேரச் சொன்னா உங்க வாய்ல நொழையாதுங். ஒறம்பரைன்னு வெச்சுக்கங்."

விருந்தாளியை ஒறம்பரை என்பது கொங்கு நாட்டு வழக்கு. அதைக் கேட்டதும் சென்னியப்பனுக்குப் பாதி பயம் போய்விட்டது. விசாரித்ததில் விஷயம் விளங்கியது. குவிமாடத்தின் அடித்தூண்கள் பனியைத் துளைத்துக் கடல்வரை இறங்கியிருந்தன. அவற்றில் ஒரு தூணின் அடியில்தான் ஒறம்பரையின் குடும்பம் பரம்பரையாக வாசம். தூணுக்கு நேர் மேலே பொதுச் சமையற்கூடம். இருநூறு வருடமாக அங்கே பேசிய பேச்செல்லாம் தூண்வழியாக இறங்க, கடலுக்குள் அவர்கள் தலைமுறை தலைமுறையாக விடாமல் கேட்டிருக்கிறார்கள். உப்புப் போதவில்லை என்பதிலிருந்து நாத்தனார் சண்டை வரைக்கும் அத்தனையும் அத்துப்படி.

"உங்க குழா வாயில உப்புப் பாறை கட்டிப்போச்சுங்" என்றது ஒறம்பரை. "அதான் தண்ணி ஏற மாட்டீங்குது. நீங்க கொட்டற சுடுதண்ணியிலதானுங்க நாங்களும் குளுரு காயறோம். இப்ப எங்க பிள்ளைங்களும் வெறைக்குதுங். பம்பைச் சித்த நேரம் நிறுத்துனீங்கன்னா நாங்களே கொத்தி எடுத்துருவோம். ஓடறப்பக் கிட்டப் போனா எங்கள உள்ள இழுத்துரும் பாருங்."

சென்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. பேரக்குழந்தை பிழைத்தது என்றே நினைத்தார். சபையைக் கூட்டச் சொல்லி ஓடினார்.

சபைத்தலைவி வஞ்சியம்மாள் காரியத்தில் கறார். சபையோடு வாசலுக்கு வந்து திரையில் ஒறம்பரையைப் பார்த்தார். அது மரியாதையாக, "கும்புடறனுங்" என்றது. வஞ்சியம்மாளின் முகம் சுருங்கியது.

"ஏனுங்க சென்னியப்பா, இது நம்மளாட்டமே பேசுதே?"

"ஆமாங். நல்லாப் பேசுதுங்."

"நம்மளாட்டப் பேசற ஒண்ணுக்கு நம்மள விட என்ன பெருசாத் தெரிஞ்சிருக்கப் போகுது?"

சபையில் பலர் தலையாட்டினார்கள். வந்தது புரியாத ஓசையில் கத்தியிருந்தால் அவர்கள் கைகட்டி நின்றிருப்பார்கள். அண்டவெளியின் மகா அறிவு என்று ஆரத்தி எடுத்திருப்பார்கள். இது வந்து சோறு தின்றாயிற்றா என்கிறது. பக்கத்து அறைக்காரன் பேச்சைக் கேட்டு யாராவது உலையின் பம்பை நிறுத்துவார்களா? ஒருவேளை நிறுத்திய பம்பு மறுபடி ஓடாவிட்டால் அன்றைக்கே எல்லோருக்கும் முடிவு. வஞ்சியம்மாளின் பயத்திலும் நியாயம் இருந்தது. அவர் சட்டத்தை எடுத்தார். தெளிந்த அறிவு உண்டென்று வாசற்பொறி சான்று தராத எந்த உயிரின் சொல்லையும் சபை ஏற்கலாகாது.

"அது கேக்கறதுக்குப் பதில் சொல்லட்டும். பொறவு பாக்கலாம்."

வாசற்பொறி குரலைச் செருமிக்கொண்டது. "ஷேடுக்கும் ஷேடோவுக்கும் என்ன வேறுபாடு?"

ஒறம்பரை திகைத்தது. "இதென்னுங்க பாஷை? சமையக்கட்டுல ஒருத்தரும் இப்படிப் பேசலீங்களே."

சமையற்கூடத்தில் யாரும் பேசியதில்லைதான். தேர்வுக்கு மட்டும் உள்ள மொழியை அடுப்படியில் எவர் பேசுவார்? சென்னியப்பன் மெல்ல உதவப் பார்த்தார். "ரெண்டும் நெழலுங். ஒண்ணு வெய்யலுக்கு ஒதுங்கறது, இன்னொண்ணு உருவம் கீழ உழுகறது."

"வெய்யலுன்னா?"

டைட்டனின் வானம் எப்போதும் அடர்ந்த மஞ்சள் மூட்டம். சூரியனைப் பார்த்தவர் எவருமில்லை. வெளியில் நிழல் விழுந்ததுமில்லை. ஆனால் நிழலின் இரண்டு வகைகளையும் அத்தனை பேரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

"அலுவலர் குறுக்க பேசக் கூடாதுங்" என்றார் வஞ்சியம்மாள். வாசற்பொறி வருந்துவதாகச் சொன்னது. சபை கலைந்தது.

வீட்டுக்குள் மயிலாத்தாள் இருக்கிற போர்வை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்குநுனி சிவந்திருந்தது. நடந்ததை அதற்குள் கரிவரதன் சொல்லியிருந்தான்.

"ஏம்ப்பா, அத உள்ள உடச் சொல்லல. அது சொல்றதக் கேளுங்கன்னுதானே சொல்றேன்."

"சட்டமுன்னு ஒண்ணு இருக்குதில்ல, கண்ணு."

"அந்தச் சட்டத்தக் கொண்டாங்க, போத்திக்கறேன். கதகதப்பா இருக்குதான்னு பாக்கலாம்."

கரிவரதன் வாய்க்குள் சிரித்தான். சென்னியப்பன் அவனை முறைத்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்தபோது அவருக்கு முறைக்கவும் தெம்பில்லாமல் போயிற்று. வாழ்நாளெல்லாம் ஒரு பதிலைக்கூட யாருக்கும் எடுத்துக் கொடுக்காதவர், விண்ணுடையை மாட்டிக்கொண்டு, சொல்வேற்றுமைக் கோவையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெளியே கிளம்பினார். தன்னைத் திருடனாகவே உணர்ந்தார்.

ஒறம்பரை போகவில்லை. குவிமாடச் சுவரை ஒட்டிப் படுத்திருந்தது. சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கோவையைப் பிரித்தார்.

"நாஞ் சொல்றத அப்படியே சொல்லுங். ஹவுசுக்கும் ஹோமுக்கும் என்ன வேறுபாடு? ஹவுஸ் செங்கல்லால் ஆனது. ஹோம் அன்பால் ஆனது."

"இங்க செங்கல்லே இல்லீங்களே?"

"இல்லீங்."

"அப்பக் கேக்கறவங்களுக்குச் செங்கல்லுன்னா என்னன்னு தெரியுமுங்களா?"

"தெரியாதுங். நீங்க சொல்லுங்."

ஒறம்பரை சொன்னது. ஓசை பிசகவில்லை. இருநூறு வருடம் தூணில் காதை வைத்துப் பழகிய ஜாதிக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒவ்வொன்றையும் யோசித்தது. சீக்கும் ஓஷனுக்கும் வந்தபோது, சீ சிறியது, கரையை ஒட்டியது, ஓஷன் பெரியது என்று சென்னியப்பன் சொன்னார். ஒறம்பரை, "எங்க கடலுக்குக் கரையே இல்லீங். சுத்திச் சுத்திப் போனா கௌம்புன எடத்துக்கே வந்துருவோம். அதுக்கு என்ன பேருங்?" என்று கேட்டது. ஹியருக்கும் லிசனுக்கும் வந்தபோது, ஹியர் என்பது தானாகக் காதில் விழுவது, லிசன் என்பது கவனித்துக் கேட்பது என்றார்.

"உங்க பேச்சு எங்க காதுல சும்மாத்தான் உழுந்துதுங்" என்றது ஒறம்பரை. "பிடிச்சுப்போயி நாங்கதான் கவனிக்க ஆரமிச்சோம். எங்கம்மா ஒரு சண்டைய பாதியில உட்டுட்டு வேட்டைக்கே போகாதுங். ஹியர்ல ஆரமிச்சு லிசனாப் போனதுக்கு என்ன சொல்லோணுங்?"

சென்னியப்பன் கோவையைப் புரட்டினார். அதற்குப் பதில் போட்டிருக்கவில்லை. அவருக்கு எரிச்சல் வந்தது. உள்ளே மகள் விறைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இங்க பாருங். யோசிக்காதீங். யோசிச்சாத் தப்பு வந்துரும். இது அறிவு இருக்குதான்னு பாக்கற பரிச்சைங். இதுல போயி யோசிச்சா எப்படிங்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் அதை அலசிப் பார்க்க அது நேரமல்ல.

ஒறம்பரை கால்களை உள்ளே இழுத்துக்கொண்டது. "ஏனுங், இது தெரிஞ்சாத்தான் உங்க ஆளுங்க ஒருத்தர மதிப்பாங்களா?"

"ஆமாங்."

"அப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம்? கடல் தெரியுமுங். உப்பு எங்க கட்டும், எப்பக் கட்டுமுன்னு தெரியுமுங். உங்க பேச்சு பூராத் தெரியுமுங்."

"அதெல்லாஞ் சும்மாங்" என்றார் சென்னியப்பன். "அது எல்லாத்துக்குந்தான் தெரியும்."

எல்லோருக்கும் தெரியாது என்று அவருக்கே தெரியும். சீக்கிரம் பாடத்துக்கு வர வேண்டும் என்ற அவசரத்தில் சொல்லிவிட்டார். ஒறம்பரை அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அட்டை முதல் அட்டை வரை உருப்போட்டது. வந்தபோது அதனிடம் இருந்த துள்ளல் போய்விட்டிருந்தது. நல்ல மாணவன் ஆகிவிட்டது.

மறுபடி சபை கூடியது. வாசற்பொறி கிஃப்டுக்கும் பிரசென்டுக்கும் வேறுபாடு கேட்டது. ஒறம்பரை சொன்னது. ஃபாகுக்கும் மிஸ்டுக்கும் கேட்டது. சொன்னது. பிரிட்டிக்கும் பியூட்டிஃபுல்லுக்கும் கேட்டபோது, கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. சபையில் ஒருவர் எழுந்து நின்றார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். வஞ்சியம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு, "இத்தன படிச்சவங்கன்னு முன்னயே தெரியாமப் போச்சுங்களே" என்றார். கரிவரதன் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். கடலுக்குள்ளிருந்து வந்தது ஒரே நாளில் தேறிவிட்டதே என்று அவனுக்கு மனது ஆறவில்லை.

பம்பு நிறுத்தப்பட்டது. ஒறம்பரையின் ஆட்கள் கீழே உப்பைக் கொத்தி எடுத்தார்கள். பம்பு மறுபடி ஓடியது, தண்ணீர் பொங்கி ஏறியது, உலை மூச்சுவிட்டது. அன்றைக்கே மயிலாத்தாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெதுவெதுப்பான அறையில் குழந்தை வீறிட்டு அழுததைக் கேட்டுச் சென்னியப்பன் தானும் அழுதார். கரிவரதன் மாமனாரைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஒறம்பரை வாசல்வரை வந்து, ஒலிபெருக்கி வழியாகக் குழந்தையின் குரலைக் கேட்டு மகிழ்ந்தது. ஒன்றே ஒன்று கேட்டது.

"அந்தக் கோவையில ஒண்ணு கெடைக்குமுங்களா? எங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கோணுங். எம் பொழப்புத்தான் இப்படிப் போச்சு, அதுகளாச்சும் தலநிமுந்து வாசல்ல நிக்கட்டும்."

சென்னியப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் சொந்தப் பிரதியையே, தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கொடுத்தார்.

குழந்தை வளர்ந்தது. வெள்ளையம்மாள் என்று பெயர் வைத்தார்கள். தத்தித் தத்தி நடந்து, பேச்சு வந்து, வீடு கொள்ளாமல் பேசியது. உப்பும் அதன் போக்கில் வளர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் தண்ணீர் மறுபடி குறைந்து, உலை மறுபடி தணிந்தது. இந்தத் தடவை யாரும் பயப்படவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள்தான் இருக்கிறார்களே. தூணைத் தட்டித் தகவல் சொன்னார்கள். வழக்கமாக உடனே குரல் வரும். இப்போது வரவில்லை. ஆனால் சில நாளில் ஒறம்பரை வந்து சேர்ந்தது. கூடவே அதன் பிள்ளைகள் மூன்று, சின்ன மெத்தைகளாக, பளபளவென்று வந்தன. குழாய் வேலை இப்போது அந்தப் பிள்ளைகள் கையில்தானாம்.

ஊரே குளிருடை போட்டுக்கொண்டு வாசலில் கூடியிருந்தது. காற்றறையில் மாட்டிக்கொண்ட கரிவரதனைத் தாண்டிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. வாசற்பொறி கேட்கக் கேட்க, தண்ணீர் பட்டபாடாகச் சொல்லித் தள்ளின. உச்சரிப்பைக் கேட்டு வஞ்சியம்மாள் சொக்கிப்போனார்.

"கண்ணுகளா, இப்பச் சொல்லுங். பம்பை எப்ப நிறுத்தோணும்? எத்தன நேரம் நிறுத்தோணும்?"

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது போலத் திரும்பின. மூத்தது முன்னால் வந்து, மணிமணியாகச் சொன்னது:

"வார்ம் என்பது இதமான சூடு. ஹாட் என்பது மிகையான சூடு."

ஊர் கைதட்டியது. கையுறை போட்டிருந்ததால் சத்தம் பொத்துப் பொத்தென்று கேட்டது. வஞ்சியம்மாள் மறுபடி கேட்டார். இரண்டாவது பிள்ளை ஃப்ரீசுக்கும் சில்லுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னது. இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பம்பைப் பற்றி யாருக்கும் எதுவும் புரியவில்லை, ஆனால் சரியான கைகளில் இருக்கிறோம் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் வந்துவிட்டது.

சென்னியப்பன் திரைக்கு அருகே போய்த் தாழ்ந்த குரலில் ஒறம்பரையைக் கேட்டார். "ஏனுங், பிள்ளைங்க தமிழ்ல ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்குமே."

ஒறம்பரை பெருமையில் இரண்டு மடங்கு உப்பியது. "அதுகளுக்குத் தமிழு சுத்தமா வராதுங்க. ஊட்டுல பேசவே உடறதில்லை. அந்தத் தூணையே பஞ்ச வெச்சு அடச்சுட்டமுங். எங்க பாஷையும் வராதுங்."

"அப்புடீங்களா" என்றார் சென்னியப்பன். அவருக்கு வந்தது கோபமல்ல, பொறாமை. தன் மருமகனை வைத்துக்கொண்டு தான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டார். "கொடுத்து வெச்சவருங்க நீங்க. செரி, நீங்களாச்சும் சொல்லுங், பம்பை எப்ப நிறுத்தட்டும்?"

"மெதுவாப் பேசுங்" என்றது ஒறம்பரை, பிள்ளைகள் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு. "அதுக காதுல உழுந்துரப் போகுது."

மூன்றாவது பிள்ளை கூல் என்றால் என்ன, கோல்ட் என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கியிருந்தது. மயிலாத்தாளின் இடுப்பிலிருந்த வெள்ளையம்மாள் தாத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதடு நீலம் பூத்திருந்தது.

"அப்புச்சி, குளுருது" என்றாள், ஊருக்கே கேட்கும்படி.

சென்னியப்பன் வெட்கிப்போய்ச் சட்டென்று அவள் வாயைப் பொத்தினார்.

"உஷ்! படிச்சவங்க முன்னால தமிழ்ல பேசக் கூடாது, சாமி."